அட்மின் மட்டும் பேசலாம்

குமரி மாவட்டத்தை ஆண்டவர்களின் பட்டியல் நீளம். பாண்டியர் ஆண்டார்கள், சோழர் வந்து போனார்கள், வேணாட்டு அரசர் வரி வாங்கினார்கள், பத்மநாபபுரத்தில் அமர்ந்து திருவிதாங்கூர் மகாராஜா கோலோச்சினார். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அன்றிலிருந்து நம்மை நாமே ஆண்டுகொள்வதாக ஐதீகம். இப்போது அத்தனை பேரையும் ஓரங்கட்டிவிட்டு ஒருவர் பட்டம் ஏறியிருக்கிறார். முடி இல்லை, கொடி இல்லை, தேர்தல் இல்லை. கட்டைவிரல் ஒன்றே படைபலம். அன்னாரின் திருநாமம் அட்மின்.

ஆரல்வாய்மொழி முதல் நீரோடி வரை அவர் ஆளாத நிலம் ஓரடி கிடையாது. வார்டு குழு, பள்ளிக்கூடப் பெற்றோர் குழு, கோயில் கொடைக் கமிட்டி குழு, பங்குப் பேரவைக் குழு, ரேஷன் கடைக் குழு, சமுதாயக் குழு, சமுதாயக் குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்தவர்களின் குழு. ஊர்க்கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் வேர்த்துக் கொட்டுகிற அண்ணாச்சிக்குக்கூட இங்கே ஓர் அதிகாரம் வாய்த்துவிட்டது. யாரோ ஒருவர் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார்: "அண்ணாச்சி, கொடை வரவு செலவுக் கணக்கு எப்பம் போடுவிய?" அண்ணாச்சி வாட்ஸ்அப் அமைப்புகளுக்குள் போனார், ஒரு பொத்தானைத் தொட்டார். அதுவரை நாம் எழுதிக்கொண்டிருந்த கட்டம் மறைந்தது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி முளைத்தது. இனிமேல் இங்கே அட்மின் மட்டும் பேசலாம்.

சரி, என்னதான் பேசுகிறார்? காலை ஐந்தரைக்கு ஒரு ரோஜாப்பூ. ஆறு மணிக்கு, குழுவின் மதத்தைப் பொறுத்து, ஒரு தெய்வம். ஏழு மணிக்கு அப்துல் கலாம் சொல்லாத ஒரு பொன்மொழி. எட்டு மணிக்கு, மாரடைப்பு வந்தால் தனியாக இருமிப் பிழைத்துக்கொள்ளும் மருத்துவம். ஒன்பதரைக்கு, இன்று ஒன்பது மணி முதல் மின்சாரம் இருக்காது என்ற முன்னறிவிப்பு. நாம் கைகூப்பும் எமோஜி ஒன்றைப் போடலாம். அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவில் நமக்கு எஞ்சியிருப்பது அந்தக் கும்பிடுதான்.

அண்ணாச்சியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? இந்தப் பூட்டை அவர் செய்யவில்லை. 2018 ஜூன் மாதக் கடைசியில் வாட்ஸ்அப் நிறுவனம் செய்து, உலகத்துக்கே அனுப்பிவைத்தது. வள்ளவிளையில் ஒரு மீனவர் சங்கம் எப்படிக் கூடும், நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெற்றோர் என்ன கேட்பார்கள் என்று அந்த மென்பொருளை எழுதியவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஆனால் யார் பேசலாம், யார் வாயை மூட வேண்டும், எந்தச் சேதி பறக்கும், எது மூலையில் மடியும் என்று தீர்மானித்துவிட்டார். சட்டமன்றத்தில் ஒரு மசோதாவுக்கு மூன்று வாசிப்பு வேண்டும். பொத்தானுக்கு ஒரு வாசிப்பும் வேண்டாம். அதை வைத்தவருக்கு நாம் ஓட்டுப் போடவும் இல்லை, அவரைத் தோற்கடிக்க ஒரு வழியும் இல்லை.

"குழுவுல குப்பை கொட்டுதாவ, அதனாலதான் பூட்டினோம்" என்பார் அண்ணாச்சி. நியாயம்தான். ஆனால் குப்பையா மௌனமா என்று இரண்டே வழி மட்டும் அவருக்கு இருப்பது எதனால் என்று அவர் யோசிப்பதில்லை. தண்ணீர்ப் பிரச்சினைக்கு ஒரு தலைப்பு, கொடைக் கணக்குக்கு ஒரு தலைப்பு என்று பிரித்து வைக்க அந்தக் குழுவில் இடமில்லை. போன மாதம் பேசி முடிவானதை எடுத்துக் காட்ட ஒரு விலாசம் இல்லை. வெளியூரில் இருக்கிறவர் எட்டிப் பார்க்க ஒரு சன்னல் இல்லை. எல்லாமே மேலேயிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும். ரோஜாப்பூவும் மரண அறிவிப்பும் ஒரே வேகத்தில், ஒரே அளவில். பேச்சை ஒழுங்குபடுத்தத் தெரியாத கருவி, பேசுகிறவனை ஒழித்துக்கட்டுவதை ஒழுங்கு என்று விற்கிறது. நாம் வாங்கிவிட்டோம்.

இது ஏதோ பொழுதுபோகாதவர்களின் சில்லறைச் சண்டை என்று நினைப்பவர்கள் கடற்கரைக்கு வரவும்.

2017 நவம்பர் 30. ஒக்கி. காலையில் வானிலைத் துறை அதைப் புயல் என்று அறிவித்தபோது குமரியில் காற்று மரங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. வாழையும் ரப்பரும் முறிந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, ஊர்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. இது கரையின் கதை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்த மேற்குக் கரை ஊர்களின் விசைப்படகுகள் அதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. நூற்றுக்கணக்கான கடல்மைல் தள்ளி, வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்து சுறாவும் சூரையும் பிடிக்கிறவர்கள் அவர்கள். செல்போன் சிக்னல் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் செத்துவிடும். வயர்லெஸ் செட் பக்கத்துப் படகுகளோடு பேச உதவும். எச்சரிக்கை இருந்தது, ஐயா. அலுவலகக் கணினியில் இருந்தது, தொலைக்காட்சியின் கீழே ஓடும் வரியில் இருந்தது. யாருக்கு வேண்டுமோ அவரிடம் மட்டும் போகவில்லை. குமரிக் கரையில் நூறு பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. டிசம்பர் 7 அன்று பெண்களும் பிள்ளைகளுமாக குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்துபோய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தகவல் தொழில்நுட்பத்தில் உலகத்துக்கே வேலை செய்துகொடுக்கும் நாட்டில், தன் புருஷன் எங்கே என்று கேட்க ஒருத்தி ரயிலை மறிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அரசு விழித்துக்கொண்டது. 2019 அக்டோபரில் ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார்கள். பெயர் ஜெமினி. செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்கும் எச்சரிக்கை போகும், மீன் கிடைக்கும் இடமும் சொல்லும். விலை 9,000 ரூபாய். ஒக்கியில் தகவல் போகாததுதான் இந்தக் கருவிக்குக் காரணம் என்று அரசே சொன்னது. கூடவே ஒரு குறையையும் அதுவே ஒப்புக்கொண்டது: இது ஒருவழித் தொடர்பு. அதாவது, புயல் வருகிறது என்று கரை சொல்லலாம். படகு முழுகுகிறது என்று கடல் சொல்ல முடியாது. நடுக்கடலிலும் அட்மின் மட்டும் பேசலாம்!

முழுகுகிறவனுக்கும் ஒரு வாய் உண்டு என்பது அரசாங்கத்துக்கு உறைக்க மேலும் ஐந்து வருடம் பிடித்தது. 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழித் தொடர்புக் கருவி தரும் திட்டம் நாடு முழுவதும் தொடங்கியது. நல்லது, வரட்டும். ஆனால் 2019இல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்த வடிவத்தை ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவருக்காவது "படகுக்காரன் பதில் சொல்ல வேண்டாமா?" என்று கேட்கத் தோன்றவில்லையே, அந்த இடத்தில்தான் எரிகிறது. இதை விஞ்ஞானத்தின் போதாமை என்று சொல்லாதீர்கள். மீனவன் சொல்லக் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் செய்த கருவி, மீனவன் சொல்வதைக் கேட்கும் காது இல்லாமல் பிறந்தது.

ஒக்கிக்கு அடுத்த ஆறு மாதத்திலேயே பாடத்தின் மறுபக்கத்தையும் படித்திருந்தோம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் செத்தார்கள். மறுநாள் உள்துறையிலிருந்து ஆணை வந்தது: தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் 27ஆம் தேதி வரை இணையம் கிடையாது. சமூக ஊடகங்களில் ஆத்திரமூட்டும் சேதி பரவுகிறதாம். சுட்ட துப்பாக்கி ஆத்திரமூட்டவில்லை. சுட்டார்கள் என்ற சேதி ஆத்திரமூட்டுகிறது. நூறு கிலோமீட்டர் தள்ளி மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் விற்கிறவரின் செல்போனும் அபாயகரமான ஆயுதம் ஆகிவிட்டது. ஒக்கியில் நடுக்கடலுக்கு ஒரு வரி அனுப்ப முடியாதவர்கள், ஒரே கையெழுத்தில் மூன்று மாவட்டங்களை ஊமையாக்கினார்கள். எங்கள் ஊரில் தொடர்பு என்பது இப்படித்தான்: சாவு வருமுன் சேதி வராது, சாவு விழுந்தபின் சேதி போகாது.

சரி, சேதி தாராளமாகப் போகும்போது என்ன போகிறது?

அதே 2018, அதே மே மாதம். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் இறங்கிவிட்டது என்று தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரு சேதி சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரே கூடி அடித்துக் கொன்றது. அடித்ததைச் செல்போனில் படமும் எடுத்தார்கள், அதுவும் பரவியது. ஒரு வதந்தி ஒரு கொலையைச் செய்தது, கொலை அடுத்த வதந்திக்குப் படமாயிற்று. நாட்டின் வேறு மூலைகளிலும் இப்படிச் செத்தார்கள்.

பிணங்கள் விழுந்தபின் ஜூலையில் நிறுவனத்துக்கு ஞானோதயம் வந்தது. இந்தியாவில் ஒரு சேதியை ஒரு தடவைக்கு ஐந்து உரையாடலுக்கு மேல் தள்ளிவிட முடியாது என்று வரம்பு கட்டியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய சேதியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அப்படிப் பலமுறை கைமாறும் சேதிகள் 70 சதவிகிதம் குறைந்ததாக அந்த நிறுவனமே பெருமையோடு அறிவித்தது. இந்தப் பெருமையை இரண்டாவது முறை படியுங்கள். மனிதர்கள் திருந்தவில்லை, யாருக்கும் ஒழுக்க வகுப்பு எடுக்கவில்லை, ஒரு எண்ணை மாற்றினார்கள், அவ்வளவே. அந்த எண்ணை முதலிலேயே மாற்றியிருக்க முடியாதா? முடியும். ஆனால் சேதி எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு நேரம் நாம் திரையைப் பார்ப்போம். மிட்டாய் கொடுத்த அம்மாவின் உயிருக்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது.

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்ஸ்அப்பின் தாய்வீடான ஃபேஸ்புக்கில் 2017 முதல், ஒருவர் கோப முகத்தைப் போட்டால் அது ஐந்து லைக்குக்குச் சமம் என்று அல்காரிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எந்தப் பதிவு முகத்தைச் சுளிக்க வைக்கிறதோ அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டும். கோப முகம் குவியும் பதிவுகளில்தான் பொய்யும் விஷமும் அதிகம் என்று சொந்த ஆய்வாளர்களே கண்டு சொன்னார்கள். 2020இல்தான் அந்த எடையைப் பூஜ்யமாக்கினார்கள். ஆக்கியதால் யாரும் ஃபேஸ்புக்கை விட்டு ஓடிவிடவில்லை. 2021இல் உள்ளறிக்கைகள் வெளியே வந்தபோதுதான் நமக்கே இது தெரிந்தது. இடைப்பட்ட வருடங்களில் ஜாதிக்காகவும் சாமிக்காகவும் நடிகருக்காகவும் நாம் கொதித்தோமே, அந்தக் கொதிப்பில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு அவர்கள் வைத்த அடுப்பு? ரோஷக்காரர்கள் என்று மீசை முறுக்கும் நாஞ்சில் நாட்டானின் ரோஷத்துக்கு ஐந்து மார்க் போட்டு, அதை விளம்பரக் கம்பெனிக்கு விற்றிருக்கிறார்கள்.

வதந்தி வாட்ஸ்அப்புக்கு முன்னால் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. 1982 மண்டைக்காட்டு மதக்கலவரத்தை மறந்த குமரிக்காரன் உண்டா? அன்றைக்கு வாய்தான் கருவி. வாயே ஊரைக் கொளுத்தப் போதுமானதாக இருந்தது. ஆனால் அன்று வதந்தியைச் சொன்னவனுக்கு ஒரு முகம் இருந்தது. "உனக்கு யாரு சொன்னா?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். விசாரணைக் கமிஷன் போட்டால் சாட்சி கிடைக்கும். இன்றைய சேதியின் தலையில் "ஃபார்வர்டு" என்று மட்டும் எழுதியிருக்கும். எழுதியவன் இல்லை, தேதி இல்லை, திருத்தம் இல்லை, மன்னிப்பும் இல்லை. அனாதையாகப் பிறந்து ஆயிரம் வீட்டில் வளர்கிறது. அப்படி வளர்வதற்குத் தோதாகத்தான் அதன் தொட்டிலைச் செய்திருக்கிறார்கள்.

வேறு மாதிரிச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேறு மாதிரி இருந்தது, இப்போதும் இருக்கிறது. 1993 ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வு நிறுவனம், தன்னிடம் பிறந்த வையவிரிவலையை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கு எழுதிக் கொடுத்தது. அந்த வலைக்கு மூன்றே குணம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விலாசம். யாரும் யாருக்கும் இணைப்புக் கொடுக்கலாம். படிப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தமிழர்கள் அதில் சும்மா இருக்கவில்லை. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து இலவசமாக ஏற்றினார்கள். எங்கள் நாகர்கோவிலில் உட்கார்ந்து ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை வெண்முரசை நாள்தோறும் இணையத்தில் எழுதினார், 26 நாவல்கள். அவரோடு ஆயிரம் விஷயத்தில் சண்டை போடுகிறவர்களும் உண்டு. ஆனால் எந்த அத்தியாயத்தையும் எந்த ஊரிலிருந்தும், கணக்குத் தொடங்காமல், அட்மினைக் கும்பிடாமல், பெயரோடும் தேதியோடும் படிக்கலாம். மறுப்பு எழுதுகிறவனும் அதே விலாசத்தைச் சுட்டிக்காட்டி மறுக்கலாம். சண்டைக்குக்கூட விலாசம் வேண்டும் அல்லவா? அதே எழுத்தில் ஒரு பத்தியை உருவி எடுத்து, பெயரை வெட்டிவிட்டு, "படித்ததில் பிடித்தது" என்று குழுவில் போட்டால் அது யாருடையதும் இல்லை. பிறகு அது கண்ணதாசன் சொன்னதாகத் திரும்பி வரும்.

வேடிக்கை என்னவென்றால், வாட்ஸ்அப்பே திறந்த வீட்டில் பிறந்த பிள்ளைதான். எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறை 1999இல் ஜாபர் என்ற பெயரில் வந்தது. மின்னஞ்சலைப் போல, எந்தக் கம்பெனியின் கணக்கிலிருந்தும் வேறு எந்தக் கம்பெனியின் கணக்குக்கும் சேதி அனுப்பலாம் என்பதே அதன் தர்மம். அதை எடுத்துத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டுதான் வாட்ஸ்அப் வளர்ந்தது. ஆனால் வாசலை அடைத்தே வைத்தது. 2014இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலர் பேசி வாங்கியது. பொதுத் தெருவில் விளையாடி வளர்ந்தவன் தெருவுக்குக் குறுக்கே கேட் போட்டு, வாடகை இல்லை, வாருங்கள் என்று நம்மை உள்ளே கூப்பிட்டான். வாடகை இல்லை என்றதும் மாவட்டமே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. விளம்பரமே வராது என்று சத்தியம் செய்தவர்கள், 2025இல் ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரம் போடப்போவதாக அறிவித்தார்கள்.

தெருவை அடைப்பது எங்களுக்குப் புதிதில்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே 1926இலும் 1930இலும் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் முன்னால் நின்றார்கள். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. பொதுப்பணத்தில் போட்ட தெருவில் யார் நடக்கலாம் என்று ஒரு சிலர் முடிவு செய்வது அக்கிரமம் என்று போராடிய ஊர் இது. அந்த ஊரின் பேரப்பிள்ளைகள் இன்று பொது விவகாரம் அத்தனையையும் கொண்டுபோய் அமெரிக்கக் கம்பெனியின் மூடிய முற்றத்தில் கொட்டிவிட்டு, உள்ளே விட்டதற்கு நன்றி சொல்லிக் கும்பிடு போடுகிறார்கள்.

தனியார் செய்வது கிடக்கட்டும். அரசாங்க அலுவலகங்களின் கூத்தைப் பார்ப்போம். ஓர் அறிவிப்பு கணினியில் எழுத்தாகப் பிறக்கிறது. அதை அச்சடிப்பார்கள். அச்சடித்ததில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, செல்போனில் கோணலாகப் படம் எடுப்பார்கள், ஓரத்தில் ஒரு டீ டம்ளரோடு. அந்தப் படம் குழுவில் விழும். எழுத்தாக இருந்ததைச் சிரமப்பட்டுப் படமாக்கியதால் கிடைத்த லாபம்: தேடினால் கிடைக்காது, பார்வையற்றவரின் செல்போன் அதை வாசித்துச் சொல்லாது, நாளைக்கு அதே செய்தி வேண்டுமென்றால் நாலாயிரம் ரோஜாப்பூவைத் தோண்ட வேண்டும். வலைத்தளத்தில் போட்டாலும் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப், அல்லது பழைய எழுத்துருவில் அடித்தது. நகலெடுத்து ஒட்டினால் பேய் பிடித்த எழுத்து வரும். 2010இல் செம்மொழி மாநாட்டை ஒட்டி ஒருங்குறியை அதிகாரபூர்வத் தரமாக ஏற்று ஆணை போட்ட அரசு இது! தமிழுக்குப் பந்தல் போட்டோம், தோரணம் கட்டினோம். தமிழைத் தேடினால் கிடைக்கும்படி வைக்க மட்டும் மறந்துபோனோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, யாரும் மனுப் போடும் முன்பே தகவலைத் தானாக வெளியிட வேண்டும், இணையம் உள்ளிட்ட வழிகளில், மக்கள் எளிதில் அணுகும் வடிவில், வட்டார மொழியைக் கருத்தில் கொண்டு வெளியிட வேண்டும் என்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தகவல் எல்லாருக்கும் எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு சட்டத்திலும் "வார்டு குழுவில் போட்டாச்சு" என்ற உட்பிரிவை நான் தேடிப் பார்த்தேன், காணவில்லை. ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கும், பேச்சிப்பாறைக்கு மேலே சிக்னல் எட்டாத காணிக்காரர் குடியிருப்புக்கும், அட்மினோடு ஒருகாலத்தில் வரப்புத் தகராறு செய்ததால் நீக்கப்பட்டவருக்கும் அரசாங்கத்தின் குரல் போய்ச் சேர வேண்டாமா? மாவட்டம் என்பது அட்மினின் தொடர்புப் பட்டியலா?

இந்த ஏற்பாடு இவ்வளவு சுகமாக இருக்குமானால் அரைகுறையாக ஏன் நிறுத்த வேண்டும்? மாவட்டத்தின் 95 ஊராட்சிகளிலும் கிராம சபையை ஒழித்துவிடலாம். வருடத்துக்கு ஆறு கூட்டம் என்ன வெட்டிச் செலவு! மக்கள்தொகையைப் பொறுத்து 50 பேர் முதல் 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று சட்டம் பிடிவாதம் பிடிக்கிறது. அதற்குப் பதிலாகத் தலைவர் ஒரு குரல்பதிவு அனுப்பட்டும். இரண்டு நீல டிக் விழுந்தால் ஒருமனதாக நிறைவேறியதாகக் கொள்ளலாம். ஆட்சேபம் உள்ளவர்கள் குழுவிலிருந்து வெளியேறலாம். அது வெளிநடப்பாகப் பதிவாகும். மனுநீதி நாளையும் குறைதீர் கூட்டத்தையும் நிறுத்திவிட்டு, எல்லாக் குறைக்கும் ஒரே ஸ்டிக்கர் அனுப்பலாம். சட்டமன்றத்திலும் சபாநாயகர் கையில் அந்தப் பொத்தானைக் கொடுத்துவிட்டால் வருடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் மிச்சம்! சிரிக்கிறீர்கள். கிராம சபையில் ஒருவன் எழுந்து நின்று கேள்வி கேட்டால் அவனை "நீக்கு" என்று சொல்ல இன்றைக்கு யாருக்கும் உரிமை இல்லை. குழுவில் நீக்கினால் நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள். சிரிப்பு எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் ஏமாந்தார்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் நாங்கள்தான்: 91.75 சதவிகிதம். மிஷன் அச்சகம் இருநூறு வருடத்துக்கு முன்பே நாகர்கோவிலில் ஓடியது. வீட்டுக்கு ஒரு வாத்தியார். அந்த ஓய்வுபெற்ற வாத்தியார்தான் காலையில் முதல் பொய்யை ஃபார்வர்டு செய்கிறார். நாற்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் "ஆதாரம் எங்கே?" என்று சிவப்பு மையால் எழுதியவர், ஆதாரமே இல்லாத சேதிக்கு ஆயுள் கொடுக்கிறார். கேட்டால் "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்பார். தபால்காரர்கூடத் தபாலுக்கு விலாசம் இருக்கிறதா என்று பார்ப்பார். நீங்கள் எந்தப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தீர்கள், சார்?

ஆகவே கோரிக்கைகள், சுருக்கமாக. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி, பள்ளி, மின்வாரியம், மீன்வளத் துறை எதுவானாலும், மக்களுக்கான அறிவிப்பு முதலில் திறந்த வலைப்பக்கத்தில் வரட்டும்: ஒருங்குறித் தமிழில், எழுத்தாக, தேதியோடு, நிலையான விலாசத்தோடு, எந்த நிறுவனத்திலும் கணக்குத் தொடங்காமல் எவரும் படிக்கும்படி. அந்த இணைப்பை அதன்பிறகு வாட்ஸ்அப்பில் போடுங்கள், கோயில் மைக்கில் வாசியுங்கள், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள், தடையில்லை. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் பேசவும் கேட்கவும் முடிகிற கருவி இருக்கட்டும். ஒருவழிக் கருவியை இனி எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்டித் தர வேண்டாம். ஐரோப்பாவில் 2024 முதல், வேறு செயலியில் இருக்கிறவரோடும் சேதி பரிமாற வாசல் திறக்க வேண்டும் என்று இந்தப் பெரிய கம்பெனிகளைச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. டெல்லிக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை என்றால், குமரியிலிருந்து போகிற எம்.பி. கேட்கட்டும்.

கம்பெனி தானாக மாறாது. இந்த வடிவத்தில்தான் அதற்குக் காசு. அரசாங்கம் தானாக மாறாது. இந்த வடிவத்தில்தான் அதற்குக் கேள்வி இல்லை. அட்மின் அண்ணாச்சியும் தானாக மாறமாட்டார். அடுத்த கிராம சபை எப்போது என்று விசாரியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறில் ஒன்று பக்கத்தில்தான் இருக்கும். போய் உட்காருங்கள். ஊராட்சியின் எந்த அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வெளியிடப்படக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். அங்கே உங்கள் வாயை மூட ஒரு பொத்தானை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.